சேற்றில் முளைத்த பெயர்கள்

குட்டநாட்டில் ஊர்ப் பெயர் மண்ணின் குணத்தைச் சொல்கிறது. வயலின் பெயர் முதலாளியைச் சொல்கிறது. சேறு சுமந்தவர்களைத் தேடினால் வீட்டுப் பெயர்களில்தான் கிடைக்கிறார்கள்.

ஆலப்புழை படகுத் துறையில் கேரள அரசின் பயணிகள் படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஊர்ப் பெயர்களைக் காதில் வாங்கிக்கொண்டிருப்பது ஒரு தமிழருக்கு நல்ல பொழுதுபோக்கு. நெடுமுடி, காவாலம், புளிங்குன்னு, சேன்னங்கரி, கைனகரி. பாதிப் பெயர்களுக்கு அர்த்தம் தானாக வந்து நிற்கும். மீதிப் பாதிதான் ஆளைக் கவிழ்க்கும்.

படகு வாய்க்காலைத் தாண்டி அகன்ற நீர்ப்பரப்பில் நுழையும் இடம் புன்னமடை. 1952-ல் தொடங்கிய நேரு கோப்பைப் படகுப் போட்டியால் நாடு முழுவதும் தெரிந்த பெயர். புன்னையும் மடையும் நமக்கும் உரிய சொற்களே. ஆனால் தஞ்சாவூர் விவசாயிக்கு மடை என்பது வயலுக்குத் தண்ணீர் வரும் வழி. அது எப்போது திறக்கும் என்று காத்துக் கிடப்பவர் அவர். குட்டநாட்டு விவசாயிக்கோ ‘மட’ என்றால் வரப்பு உடைந்து வெள்ளம் உள்ளே பாயும் வாய். ‘மட வீழ்ச்சி’ என்ற சொல் காதில் விழுந்தால் அவருக்கு வயிறு கலங்கும். சொல் ஒன்றுதான்; அது ஊன்றிய மண் வேறு.

அந்த மண் அப்படிப்பட்டது. வேம்பநாட்டுக் காயலின் தெற்கிலும் கிழக்கிலும் பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கிடக்கிறது குட்டநாடு. வயல்களில் பெரும்பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே. வாய்க்காலில் போகும் படகு மேலே, நெல் கீழே. படகில் உட்கார்ந்து வயலை எட்டிப் பார்ப்பது மாடியிலிருந்து முற்றத்தைப் பார்ப்பது போலத்தான். கடலுக்குக் கீழே நெல் விளைவிக்கும் இந்த முறையை உலகப் பாரம்பரிய விவசாய முறைகளில் ஒன்றாக ஐ.நா.வின் உணவு, விவசாய அமைப்பு 2013-ல் அங்கீகரித்தது.

குட்டநாடு என்ற பெயரிலேயே தகராறு தொடங்கிவிடுகிறது. ஊர்க்காரர்கள் விரும்பிச் சொல்லும் கதை மகாபாரதத்திலிருந்து வருவது. கிருஷ்ணனும் அர்ஜுனனும் எரித்த காண்டவ வனம் இதுதான், சுட்டுக் கரியாக்கிய நாடு ‘சுட்டநாடு’, அது மருவிக் குட்டநாடு. இன்னொரு கதைக்குச் சாட்சியாகக் கருமாடியில் ஒரு கருங்கல் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். பாதி உடம்பை இழந்த அவரை ஊரார் கருமாடிக்குட்டன் என்று செல்லமாக அழைக்கிறார்கள். அந்தக் ‘குட்ட’னின் நாடே குட்டநாடு என்பது பௌத்த வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களின் கட்சி.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இரண்டும் தேவைப்படாது. இலக்கண உரைகாரர்கள் எண்ணிச் சொல்லும் கொடுந்தமிழ் நாடுகள் பன்னிரண்டில் குட்டம் ஒன்று. பல்யானைச் செல்கெழு குட்டுவன், செங்குட்டுவன் என்று சேர மன்னர்கள் சூட்டிக்கொண்ட பெயர் இந்த நாட்டோடு சேர்ந்ததுதான். குட்டம் என்றால் ஆழம், நீர்நிலை. நம் ஊர்க் குட்டைக்கும் அதுவே வேர். புராணமும் புத்தரும் வருவதற்கு முன்பே தண்ணீர் அங்கே இருந்தது என்பதால், மூன்று விளக்கங்களில் இதற்கே எடை அதிகம். கதையாகச் சொல்லத்தான் இதில் எதுவும் இல்லை.

ஆனால் காண்டவ வனக் கதையை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. அதற்குக் காரணம் ‘கரி’.

கைனகரி, சேன்னங்கரி, ராமங்கரி, மித்ரக்கரி, குன்னங்கரி, கண்டங்கரி, தாயங்கரி, சதுர்த்யாகரி, மாம்புழக்கரி. குட்டநாட்டு வரைபடத்தில் எங்கே விரல் வைத்தாலும் ஒரு கரி தட்டுப்படும். அந்த வயல்களில் ஆழமாகத் தோண்டினால் கறுத்த மரத் துண்டுகள், சில இடங்களில் முழு அடிமரங்களே வெளியே வரும். காண்டாமரம் என்று பெயர். அடுப்புக்கரியைப் போல இருக்கும் அந்தக் கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்த முதல் விவசாயி, இங்கே ஒரு காடு எரிந்திருக்கிறது என்று முடிவு கட்டியதில் வியப்பில்லை. மண்ணியல் வேறு கதை சொல்கிறது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் ஏறி இறங்கியபோது இங்கிருந்த காடுகள் சேற்றில் புதைந்தன. காற்றுப் புகாத சேற்றில் மரம் முழுதும் மக்காமல் கறுத்தது. தீ எதுவும் தேவைப்படவில்லை.

பெயர் சரி, கதைதான் தப்பு. இங்கே கவனிக்க வேண்டியது பெயர் எவ்வளவு சரி என்பதைத்தான். விவசாய விஞ்ஞானிகள் குட்டநாட்டு நிலத்தைக் கரைப்பாடம், காயல் நிலம், கரி நிலம் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். மூன்று பெயர்களுமே அங்குள்ள விவசாயிகளின் வாயிலிருந்து வந்தவை. ஆற்று வண்டல் படிந்த கரையோர வயல் கரைப்பாடம். காயலை அடைத்து மீட்டது காயல் நிலம். மூன்றிலும் தொல்லை பிடித்தது கரி. கறுப்பாக, பார்க்கக் கொழுத்த மண் போல இருக்கும். ஆனால் அதில் கந்தகமும் இரும்பும் கலந்த கனிமம் உறங்குகிறது. நீருக்கடியில் இருக்கும்வரை சாது. வயல் காய்ந்து காற்றுப் பட்டதும் அமிலமாக மாறும், வாய்க்கால் நீரில் துரு நிறத்தில் ஏடு படரும், பயிர் கருகும். அமில அளவைச் சொல்லும் பி.எச். எண் 4-க்கும் கீழே போவதுண்டு. அதனால் கரி நிலத்தில் விவசாயம் என்றால் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொட்டுவது, நீரை ஏற்றி இறக்கி மண்ணைக் கழுவுவது, பிறகுதான் விதைப்பது. இந்த எச்சரிக்கையைத்தான் முன்னோர் ஈரெழுத்தில் ஊர்ப் பெயரோடு ஒட்டிவிட்டுப் போனார்கள். கரி என்று முடியும் எல்லா ஊரிலும் மண் ஒரே மாதிரி இருக்காது என்பது உண்மைதான். நெடுங்காலம் உழுது, வண்டல் ஏறித் தேறிவிட்ட கரிகளும் உண்டு.

சில பெயர்கள் சிரிக்கவும் வைக்கும். புளிங்குன்னு என்றால் புளியமரக் குன்று. அங்கே போய்க் குன்றைத் தேடுகிறவர் ஏமாந்து போவார். சில அடி உயர்ந்த மேட்டைத்தான் குன்று என்றிருக்கிறார்கள். எல்லாம் தண்ணீருக்குக் கீழே கிடக்கும் நாட்டில் முழங்கால் உயரம் நனையாமல் நின்றால் அது மலைதான். எழுத்தாளர் சிவசங்கரப் பிள்ளையின் பெயருக்கு முன்னால் நிற்கும் தகழி, தமிழ்க் காதுக்கு விளக்கின் அகலைக் குறிக்கும் ‘தகளி’யாகக் கேட்கும். அழகான பொருத்தம். அழகாக இருப்பதாலேயே நம்பிவிடக் கூடாத பொருத்தம். காயலுக்கு நடுவே உள்ள பாதிராமணல் தீவின் கதை இன்னும் அழகு. அந்தி வழிபாட்டுக்காகக் காயலில் குதித்த ஓர் அந்தண இளைஞனுக்காக நீர் விலகி நிலம் எழுந்ததாம். நள்ளிரவு மணல் என்ற பெயர் அந்தக் கதையிலிருந்து வந்ததா, பெயருக்காகக் கதை பிறந்ததா என்று கேட்டால், இரண்டாவதுதான் ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் வழக்கமாக நடப்பது.

மாங்கொம்பு என்ற சின்ன ஊருக்குக் கிடைத்த பேறு வேறு எந்தக் குட்டநாட்டு ஊருக்கும் கிடைக்கவில்லை. மாமரக் கிளை என்று பொருள்படும் இந்தப் பெயர், எம்.எஸ். சுவாமிநாதனின் முதல் எழுத்தாகி உலகம் சுற்றியது. கும்பகோணத்தில் 1925-ல் பிறந்து 2023-ல் மறைந்த அந்த வேளாண் விஞ்ஞானியின் பெயரிலுள்ள ‘எம்’ அவர் குடும்பத்தின் பூர்வீக ஊர்தான். அங்குள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிடும் ரகங்களும் ஊரின் பெயரைச் சுமக்கின்றன. குட்டநாட்டு வயல்களை நிரப்பியிருக்கும் ‘உமா’வின் அலுவலகப் பெயர் எம்.ஓ. 16. அந்த எம்.ஓ. மாங்கொம்புவின் சுருக்கம்.

ஊர்ப் பெயர்களை விட்டு வயல் பெயர்களுக்கு வரும்போது காட்சி மாறுகிறது. ஊரைப் பேர் சொல்லி அழைத்தவர்கள் மண்ணைப் பார்த்தவர்கள். வயலுக்குப் பேர் வைத்தவர்கள் பங்குப் பத்திரத்தைப் பார்த்தவர்கள்.

வேம்பநாட்டுக் காயலை அடைத்து வயலாக்கும் வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் சூடு பிடித்தது. பெரும் செலவு, பலர் கூட்டுச் சேர்ந்தால்தான் நடக்கும். அப்படிப் பிறந்தவைதான் ஆறுபங்கு காயல், பன்னிரண்டு பங்கு காயல். பங்கு என்றதும் நம் கத்தோலிக்கர்களுக்குப் பாதிரியாரும் கோயிலும் நினைவுக்கு வரலாம். இது கூட்டாளிகளின் பங்கு. மலையாளத்தில் கோயில் பங்குக்கு ‘இடவக’ என்று தனிச் சொல் இருப்பதால் அங்கே குழப்பம் இல்லை. கோயிலுக்கும் வயலில் இடமுண்டு என்பதை செமினாரி காயல் என்ற பெயர் காட்டுகிறது.

கொச்சித் துறைமுகம் தூர்ந்துபோகும் என்ற அச்சத்தில் 1903-ல் திருவிதாங்கூர் அரசு காயல் அடைப்பதற்குத் தடை விதித்தது. சுமார் பத்தாண்டுகளில் தடை நீங்கியபோது காகிதம் முந்திக்கொண்டது. காயலைத் துண்டு துண்டாகப் பிரித்து ஏ, பி, சி என்று எழுத்து கொடுத்தார்கள். நிலம் நீரிலிருந்து வெளியே தலை காட்டுவதற்கு முன்பே அதற்கு ஆங்கில எழுத்தில் பெயர் தயார். ஊர் வாய் அதை மீறியதும் உண்டு. 2,400 ஏக்கர் கொண்ட ‘ஈ பிளாக்’கை மக்கள் இருபத்துநாலாயிரம் காயல் என்றார்கள். விதைக்க 24,000 பறை நெல் வேண்டிய நிலம் என்று கணக்கு. எழுத்து கச்சேரிக்கு, பறைக் கணக்கு வயிற்றுக்கு. பல இடங்களில் எழுத்தே நிலைத்துவிட்டது. 1960-களின் தொடக்கத்தில் மீட்ட ‘ஆர் பிளாக்’கை அந்தப் பெயரால் அல்லாமல் வேறு பெயரால் யாருக்கும் தெரியாது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பர்மா அரிசி நின்று திருவிதாங்கூர் பட்டினி கிடந்தபோது, முரிக்கன் என்று புகழ்பெற்ற ஜோசப், க்யூ, எஸ், டி என்ற மூன்று துண்டுகளை மீட்டார். எழுத்தில் அவருக்குத் திருப்தி இல்லை. அரண்மனையை நினைத்துப் பெயர் வைத்தார். சித்திரா, அப்போது ஆண்ட மன்னர் சித்திரைத் திருநாளின் பெயர். மார்த்தாண்டம், அந்த அரச குடும்பத்தில் வழங்கிய பெயர். மூன்றாவது, ராணி. அரசருக்கு மரியாதை, அரசாங்கத்தின் தயவு இரண்டும் ஒரே கல்லில். வேலைக்காரர்களுக்காக அவர் சித்திராவில் ஒரு தேவாலயமும் கட்டினார். நாலாபுறமும் வயல் சூழ அது நிற்கிறது. பின்னர் 1970-களின் நிலச் சீர்திருத்தத்தில் இந்த நிலங்களை அரசு எடுத்துத் தொழிலாளிகளுக்குப் பகிர்ந்து கொடுத்தது. முரிக்கன் 1974-ல் இறந்தார். நிலத்துக்கு உரியவர்கள் மாறினார்கள். முடியாட்சி போய் இரண்டு தலைமுறையாகியும் சித்திராவும் மார்த்தாண்டமும் ராணியும் மாறவில்லை.

அந்த வரப்புகளை எழுப்பியது யார் கை என்பதைப் பெயர்கள் சொல்வதில்லை. வேலை நடந்த விதம் இதுதான். காயல் தரையில் தென்னங்கட்டைகளை இரண்டு வரிசையாக அடித்து இறக்குவார்கள். மூங்கில் தட்டிகளைக் கட்டி, இடையில் மணலும் தழையும் போட்டு நிரப்புவார்கள். அதன் மேல் களிமண் கட்டிகள். அந்தக் கட்டிகளுக்காக ஆட்கள் காயலில் மூழ்கி, அடித்தரையை வெட்டி, மூச்சு முட்ட மேலே வருவார்கள். பிறகு உள்ளே தேங்கிய நீரை இறைக்க இலைச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து இரவும் பகலும் மிதிக்க வேண்டும். மிதித்தவர்களும் மூழ்கியவர்களும் பெரும்பாலும் புலயர், பறயர் முதலிய ஒடுக்கப்பட்ட சாதியினர். வரப்பு நிற்காமல் உடைந்துகொண்டே இருந்தபோது தொழிலாளியை உயிரோடு வைத்து மடையை அடைத்தார்கள் என்ற கதை குட்டநாட்டில் பல ஊர்களில் வழங்குகிறது. அதற்குப் பத்திரச் சான்று கேட்கலாம். ஆனால் தாங்கள் அப்படி நடத்தப்படக் கூடியவர்கள் என்று ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருப்பதே ஒரு சான்றுதான். அவர்கள் வாழ்க்கையைத் தகழி 1948-ல் நாவலாக எழுதியபோது ‘இரண்டிடங்கழி’ என்று கூலி நெல்லின் அளவையே தலைப்பாக வைத்தார்.

அவர்களைத் தேட வேண்டிய இடம் வீட்டுப் பெயர். கேரளத்தில் மனையின் பெயர் வீட்டுக்கு வரும், வீட்டின் பெயர் ஆளோடு ஒட்டும். கோயில் பங்கின் ஞானஸ்நான, திருமண, மரணப் பதிவேடுகளில் ஆளை அடையாளம் காட்டுவது அதுதான். சேன்னங்கரி தேவாலயத்தில் 1805-ல் ஞானஸ்நானம் பெற்ற கைனகரிக் குழந்தை ஒன்று, 2014-ல் வத்திக்கானில் புனிதராக உயர்த்தப்பட்டபோதும் அதே வீட்டுப் பெயரோடுதான் போனது: சாவறா குரியாக்கோஸ் ஏலியாஸ். முரிக்கனின் முழு வீட்டுப் பெயர் முரிக்கும்மூட்டில். முருக்க மரத்தடி என்பதைத் தவிர அதில் வேறு பெருமை இல்லை. அந்த மரம் எப்போதோ விழுந்திருக்கும்.

இந்த வீட்டுப் பெயர்களில் அடிக்கடி வருவது ‘சிற’. நம் பழந்தமிழ்ச் ‘சிறை’தான். தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் கரை. கல்லால் கட்டிய தடுப்பைத் தொல்காப்பியம் கற்சிறை என்கிறது. குட்டநாட்டில் நிலமில்லாத தொழிலாளிக்குக் குடிசை போடக் கிடைத்த இடம் இந்த வரப்பின் தலைதான். ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் முதலாளியின் வயல், நடுவே சில அடி அகலச் சிற. வடக்கேச்சிற, புத்தன்சிற என்பது போல அந்த இடமே வீட்டுப் பெயராயிற்று. சேறு சுமந்து கட்டியவன் பெயர் வயலுக்கு வரவில்லை. வரப்பின் பெயர் அவனுக்கு வந்தது.

இன்னொரு தடயமும் உண்டு. சேன்னங்கரியைப் பிரித்தால் சேன்னனும் கரியும் கிடைக்கின்றன. சேன்னன், கண்டன், சாத்தன், கோரன் எல்லாம் கேரளத்தில் உழைக்கும் சாதிகளில் வழங்கிய ஆள்பெயர்கள். காயலைக் கூட்டாளிகள் பங்கு போடுவதற்கு நெடுங்காலம் முன்பு, கறுப்பு மண்ணில் முதலில் மண்வெட்டி போட்ட யாரோ ஒரு சேன்னன் அந்தப் பெயரில் இருக்கக்கூடும். மன்னர் பெயர் வைத்த சித்திராவுக்கு வயது நூறுகூட ஆகவில்லை. சேன்னங்கரி அதற்கு எத்தனையோ முந்தியது.

ஆலப்பி என்று ஆங்கிலேயர் எழுதியது 1990-ல் அரசாணை மூலம் ஆலப்புழையாகத் திரும்பியது. நகரங்களுக்கு அரசாணை உண்டு. வயல் பெயருக்கும் மனைப் பெயருக்கும் அப்படி யாரும் இல்லை. பழைய பத்திரங்களில் சர்வே எண்ணோடு மனையின் பெயரும் இருக்கும். இன்று வங்கிக்கும் வில்லங்கச் சான்றுக்கும் எண் போதும். கைனகரியின் கனகாசேரி, மீனப்பள்ளி, வலியகரி வயல்களின் பெயர் வெளியூர்ப் பத்திரிகைகளில் வந்ததெல்லாம் 2018 வெள்ளத்திலும் அதற்குப் பிந்தைய ஆண்டுகளிலும் அங்கே மட வீழ்ந்தபோதுதான். மீனப்பள்ளி என்ன, வலியகரி என்ன என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை ஏக்கர் மூழ்கியது என்றுதான் கேட்டார்கள். வலியகரி என்றால் பெரிய கரி. அங்குள்ள மண் எப்படிப்பட்டது என்று அந்தப் பெயரே பாதி சொல்லிவிடும்.

வெள்ளம் வடிந்த பிறகு, ஆண்டுக்குப் பல முறை வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவதைத் தாங்க முடியாமல் குட்டநாட்டை விட்டுச் சங்கனாசேரிக்கும் அதற்கு அப்பாலுள்ள மேட்டு நிலங்களுக்கும் குடிபெயர்ந்தவர்கள் பலர். கட்டிலையும் பீரோவையும் போல வீட்டுப் பெயரும் படகில் ஏறிக் கூடவே போகிறது. மனையை விட்டுவிட்டாலும் பெயரை விடுவதில்லை. தார் ரோட்டோரம், பாறை மேல் அஸ்திவாரம் போட்டுக் கட்டிய புது கான்கிரீட் வீட்டின் வாசல் தூணில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீரே இல்லாத இடத்தில், அந்த வீட்டுப் பெயர் ‘சிற’ என்றுதான் முடிகிறது.